கோடு போடுகிறவர் யார்?
கட்டடக்கலைக் கல்வியும் சேரியும்

(மதுரையில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கலந்துகொண்ட கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



வன்கொடுமை, நிலப்பறிப்பு, பொய் வழக்கு, நின்றுபோன உதவித்தொகை என்று நம் முன்னால் ஆயிரம் பிரச்சினை கிடக்கு. இந்த நேரத்தில் ஆர்க்கிடெக்சர் காலேஜில் டிசைன் எப்படிச் சொல்லித் தர்றாங்க என்று பேச வந்திருக்கிறானே, இதுக்கும் விடுதலைக்கும் என்னய்யா சம்பந்தம் என்று சில தோழர்கள் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். சாதி நம் நாட்டில் மனசுக்குள் மட்டும் இருக்கிற ஒன்றல்ல. அது தெருவாக, சுவராக, கிணறாக, சுடுகாட்டுப் பாதையாக நிலத்தின் மேல் வரையப்பட்டிருக்கிறது. அப்படியானால் வரைவதற்குக் கற்றுக்கொடுக்கிற இடத்தில் என்ன நடக்கிறது என்பதை நாம் பார்க்காமல் விட முடியாது.

முதலில் அந்தப் படிப்பு எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஐந்து வருடம், பத்து செமஸ்டர். இதில் மையமானது டிசைன் ஸ்டூடியோ. மற்ற பாடத்துக்குப் புத்தகம் உண்டு, பரீட்சை உண்டு. டிசைனுக்கு அப்படி ஒரு பாடநூல் கிடையாது. 'ஒரு பள்ளிக்கூடம் வடிவமை', 'ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் வடிவமை' என்று ஒரு வேலை கொடுப்பார்கள். மாணவர் வரைவார். ஆசிரியர் பக்கத்தில் வந்து திருத்துவார், அழிப்பார், மறுபடி வரையச் சொல்வார். கடைசியில் ஜூரி. படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு, வெளியிலிருந்து வந்த ஆர்க்கிடெக்டுகள் முன்னால் நின்று மாணவர் தன் வேலையை விளக்கிப் பேச வேண்டும்.

டொனால்ட் ஷான் என்ற அமெரிக்க அறிஞர் 1983இல் எழுதிய நூலில், தொழிலறிவு எப்படி உண்டாகிறது என்பதற்கு இந்த ஸ்டூடியோவைத்தான் பெரிய உதாரணமாக எடுத்துக்கொண்டார். செய்துகொண்டே யோசிப்பது, யோசித்துக்கொண்டே செய்வது என்பது அவர் வாதம். ஏட்டைப் பார்த்து ஒப்பிக்கிற கல்வியைவிட இது மேலானது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் இதே முறைக்குள் ஒரு ஆபத்து உட்கார்ந்திருக்கிறது. பாடநூல் இல்லாத இடத்தில் அளவுகோல் எது? ஜூரியில் இருப்பவரின் ரசனை. அந்த ரசனை எந்தத் தெருவில், எந்த வீட்டில் வளர்ந்தது?

சூளைக்காரர் மகளும், கொத்தனார் மகனும், கல் உடைக்கிறவர் பிள்ளையும் அந்த ஸ்டூடியோவுக்குள் வருகிறார்கள். வருவதற்கு முன்பே நாட்டா என்ற நுழைவுத் தேர்வு ஒன்று நிற்கிறது, 2006இலிருந்து நடக்கிறது. பிளஸ் டூ மதிப்பெண்ணும் அதுவும் சம பங்காகச் சேர்ந்துதான் தமிழ்நாட்டில் தரவரிசை. படம் வரையக் கற்றுத்தர ஆள் இல்லாத அரசுப் பள்ளியிலிருந்து, கோச்சிங்குக்குக் காசு இல்லாத வீட்டிலிருந்து ஒருவர் இதைத் தாண்டி வருவதே பெரிய காரியம். உள்ளே வந்த பிறகு ஷீட்டுக்கு, மாடல் செய்கிற பலகைக்கு, பிரிண்டுக்கு, லேப்டாப்புக்குக் காசு. பீஸ் தள்ளுபடி என்ற கணக்கில் இந்தச் செலவு வராது. ஜூரியில் இங்கிலீசில் பேசணும். 'உன் கான்செப்ட் என்ன?' என்று கேட்பார்கள். ரிசார்ட்டிலும் ஏர்போர்ட்டிலும் புழங்கிய பிள்ளைக்கு அங்கிருந்து ஒரு பதில் வரும். ஒற்றை அறையில் ஆறு பேர் படுத்தெழுந்த அனுபவம் இருக்கே, இடத்தைப் பற்றி அதைவிடப் பெரிய அறிவு எது? ஆனால் அது கான்செப்ட் ஆகாது. அந்தப் பிள்ளை அதை மறைக்கத்தான் கற்றுக்கொள்கிறது.

கட்டடம் கட்டுகிற இடத்திலும் ஒரு கல்வி நடக்கிறது. சித்தாளாக, கையாளாக வந்தவர் கலவை போட்டு, சாரத்தில் நின்று, தூக்குக்குண்டும் ரசமட்டமும் பிடித்து, பல வருடம் கழித்துக் கொத்தனார் ஆகிறார். இதுவும் ஷான் சொன்ன அதே கல்விதான், செய்து கற்பது. ஆனால் பெண் சித்தாளாக வந்தால் ஆயுசுக்கும் சித்தாள்தான். கரண்டி அவள் கைக்குப் போகிறது அபூர்வம். கொத்தனார் நாற்பது வருடம் கட்டினாலும் ஆர்க்கிடெக்ட் என்ற பட்டம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி கவுன்சிலில் பதிந்தவருக்கு மட்டும்தான். பட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தலையால் செய்கிற வேலை மேலே, கையால் செய்கிற வேலை கீழே என்ற வருணப் பிரிவினை ஸ்டூடியோவுக்கும் சைட்டுக்கும் நடுவில் அப்படியே நிற்கிறது என்கிறேன்.

இனி பாடத்தின் உள்ளே போவோம். நம்முடைய மரபு என்று பெருமையாகச் சொல்லித் தருகிற சிற்ப நூல்களில் ஒன்று மயமதம். அது மனை நிலத்தையே வருணம் பார்த்துத்தான் பிரிக்கிறது: வெள்ளை மண் பிராமணருக்கு, சிவப்பு சத்திரியருக்கு, மஞ்சள் வைசியருக்கு, கறுப்பு சூத்திரருக்கு. அர்த்தசாஸ்திரம் நகரம் அமைக்கச் சொல்லும்போது சண்டாளருக்குச் சுடுகாட்டு ஓரத்தைக் காட்டுகிறது. இதுவும் டவுன் பிளானிங்தான். இதை விமர்சனத்தோடு சொல்லித் தருகிறார்களா, வாஸ்து என்று கும்பிட்டுச் சொல்லித் தருகிறார்களா என்று மாணவத் தோழர்கள் தங்கள் வகுப்பில் கவனியுங்கள்.

நம்ம மதுரையையே எடுத்துக்கொள்வோம். நடுவில் கோயில், அதைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, அதற்கும் வெளியே வெளி வீதி. கட்டடக்கலை படிக்க வருகிறவர்கள் இந்தச் சதுரங்களை வரையாமல் போவதில்லை. தெற்குக் கோபுரம் 170 அடி என்பார்கள், ஆயிரங்கால் மண்டபத்தில் இருப்பது 985 தூண் என்பார்கள். இந்தத் தூண்களுக்குக் கல் சுமந்தவர் பேரப்பிள்ளைகள் உள்ளே கால் வைத்தது 1939 ஜூலை 8ஆம் தேதி என்பதும் அந்தக் கட்டடத்தின் வரலாறு இல்லையா? கக்கன் முதலானோர் வைத்தியநாதய்யரோடு உள்ளே போன அந்த நாள் வரைக்கும், அந்த பிளானில் ஒரு கண்ணுக்குத் தெரியாத கோடு இருந்தது. எந்த ஷீட்டிலும் அதை வரைந்து நான் பார்த்ததில்லை.

கண்ணுக்குத் தெரிகிற கோடும் உண்டு. உத்தபுரம். 1989இல் எழுப்பிய சுவர், சுமார் 600 மீட்டர் நீளம். அதே 1989 நவம்பரில்தான் பெர்லின் சுவர் விழுந்தது, உலகமே கொண்டாடியது. நம் சுவர் அதற்குப் பிறகும் பதினெட்டு வருடம் நின்றது. அதன் மேல் மின்கம்பி போட்டது வெளியே தெரிந்து, போராட்டம் நடந்து, 2008 மே 6 அன்று ஒரு பகுதியை இடித்துப் பாதை விட்டார்கள். சுமார் 15 அடி. பெர்லின் சுவரைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்கிற காலேஜ், மதுரையிலிருந்து பஸ் ஏறிப் போகக்கூடிய உத்தபுரத்துக்கு மாணவர்களை அளவு நாடாவோடு கூட்டிக்கொண்டு போகட்டுமே!

இன்னொரு விசயம், கொஞ்சம் நாறும். வீட்டு பிளானில் செப்டிக் டேங்க் ஒரு சின்ன செவ்வகம். அதன் கொள்ளளவுக்குக் கணக்கு சொல்லித் தருகிறார்கள். அது நிறைந்தால் லாரியின் குழாய் அங்கே எட்டுமா? மூடி எங்கே இருக்கிறது? அடைத்துக்கொண்டால் யார் உள்ளே இறங்குவார்? 2013ஆம் ஆண்டுச் சட்டம் மனிதரை அப்படி இறக்குவதைத் தடை செய்கிறது. 1993 முதல் இப்படிச் செத்தவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023இல் அதை முப்பது லட்சமாக்கியது. சாவு நிற்கவில்லை என்பதுதான் இதற்குப் பொருள். அந்தச் செவ்வகத்தை லாரி வராத மூலையில் வரைந்த கைக்கும் இந்தச் சாவில் பங்கு இருக்கிறது. ஜூரியில் இந்தக் கேள்வியைக் கேட்க ஆரம்பித்தால் போதும், டிசைன் மாறும்.

கறுப்பின மக்களின் அனுபவம் நமக்குப் பாடம். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் 1892இல் கட்டடக்கலைப் பட்டம் பெற்ற முதல் கறுப்பர் ராபர்ட் டெய்லர். அவர் டஸ்கிஜி என்ற கறுப்பர் கல்வி நிலையத்துக்குப் போனார். அங்கே மாணவர்களே செங்கல் அறுத்தார்கள், அவர் வரைந்தார், அந்த மாணவர்களே கட்டினார்கள். தலையும் கையும் ஒரே வளாகத்தில். அடுத்த தலைமுறையில் பால் வில்லியம்ஸ் என்பவர் படத்தைத் தலைகீழாக வரையப் பழகிக்கொண்டார். ஏன்? வெள்ளைக்கார வாடிக்கையாளர் ஒரு கறுப்பர் பக்கத்தில் உட்காரக் கூச்சப்படுவார். எதிர்ப்பக்கம் உட்கார்ந்தே அவருக்கு நேராகத் தெரியும்படி வரைய வேண்டும். தீண்டாமை பென்சில் பிடிக்கிற முறை வரைக்கும் போகிறது, பாருங்கள். 1968இல் விட்னி யங் என்ற கறுப்பினத் தலைவர் ஆர்க்கிடெக்டுகளின் மாநாட்டிலேயே போய் நின்று, மக்கள் உரிமைப் போராட்டத்தில் நீங்கள் வாய் மூடி இருந்தீர்கள் என்று குற்றம் சாட்டினார். நம் ஊரில் அப்படி ஒருவர் இன்னும் மேடை ஏறவில்லை, ஏற வேண்டும்.

அப்படியானால் மாற்று என்ன? லாரி பேக்கர் 1945இல் இந்தியா வந்த இங்கிலாந்துக்காரர், திருவனந்தபுரத்தில் தங்கிவிட்டவர். ஆபீசில் உட்கார்ந்து படம் அனுப்பாமல், சைட்டில் கொத்தனாரோடு நின்று முடிவெடுத்தவர். செங்கல்லைக் குத்துவாக்கில் வைத்து நடுவில் பொந்து விட்டுக் கட்டினால் கால்வாசி செங்கல் மிச்சம். கான்கிரீட்டுக்குள் ஓடு பதித்தால் சிமெண்டும் கம்பியும் மிச்சம் என்று செய்து காட்டினார். நல்ல காரியம். ஆனால் 'ஏழைக்குச் செலவு குறைந்த வீடு, பணக்காரருக்கு அழகான வீடு' என்று பாடத்தைப் பிரித்துவிட்டால் அதுவும் இன்னொரு காலனிதான். 1998இல் மேலக்கோட்டையில் திறந்த முதல் சமத்துவபுரத்தையும் மாணவர்கள் போய்ப் படிக்க வேண்டும். நூறு வீட்டில் நாற்பது நமக்கு, மற்றவை பிறருக்கு, எல்லாம் கலந்த தெருக்கள். தெருவை வேறு மாதிரியும் வரையலாம் என்று அரசே காட்டிய இடம் அது. ஆனால் அது ஊருக்கு வெளியே போட்ட புது ஊர். பழைய ஊரும் பழைய சேரியும் இருந்த இடத்திலேயே இருக்கு. அதை யார் திருத்தி வரைவது?

அரசு வீடு 2011இன் பசுமை வீட்டில் 300 சதுர அடி, 2024இன் கனவு இல்லத்தில் 360 சதுர அடி. அதில் வயசுப் பிள்ளை எங்கே துணி மாற்றும், ஆடு எங்கே கட்டுவது, பிணம் எங்கே கிடத்துவது? மதுரையில் சித்திரையில் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கும்; பகலில் குடித்த வெயிலைத் தட்டைக் கான்கிரீட் கூரை ராத்திரியில் உள்ளே கக்கும். இந்த 360 அடியை மனுசர் வாழ்கிற வீடாக்குவது ரிசார்ட் வரைவதைவிடக் கஷ்டமான டிசைன் கணக்கு. இதை ஒரு முழு செமஸ்டர் வேலையாகக் கொடு என்று கேட்க வேண்டும்.

கோரிக்கைகளாகச் சொல்கிறேன். ஷீட், மாடல், லேப்டாப் செலவையும் உதவித்தொகையில் சேர். ஜூரியில் தமிழில் பேச உரிமை கொடு; மதிப்பெண்ணுக்கு அளவுகோலை முன்னாலேயே எழுதிக் கொடு. ஜூரியில் ஒரு கொத்தனாரும், அந்த வீட்டில் குடியிருக்கப் போகிற ஒரு பெண்ணும் உட்காரட்டும். வரலாற்றுப் பாடத்தில் உத்தபுரம் வரட்டும். ஆசிரியர் நியமனத்தில் இட ஒதுக்கீடு எத்தனை நிரம்பியிருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குவோம்.

அதுவரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. இங்கே இருக்கிற கட்டடக்கலை மாணவத் தோழர்கள் இரண்டு பேர், இயக்கத் தோழர்கள் நாலு பேர் சேர்ந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஒரு சேரியை அளந்து வரைந்துவிடலாம். குடிதண்ணீர்க் குழாய் எங்கே நிற்கிறது, தார் ரோடு எங்கே முடிகிறது, சுடுகாட்டுப் பாதையை யார் அடைத்திருக்கிறார்கள், எத்தனை மீட்டர் என்று அளவோடு ஒரு படம் வேண்டும். கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கும்போது அந்தப் படமும் சேர்ந்து போகட்டும். வருகிற ஞாயிறு யார் யார் வர்றீங்க, கூட்டம் முடிந்ததும் பேர் கொடுங்கள்.