பாட்டரி வானொலிக்கு மறுவாழ்வு

மின்கம்பி எட்டாத சிற்றூர்களுக்கு ஒரு காலத்தில் உலகச் செய்தியைக் கொணர்ந்தவை பாட்டரியில் இயங்கிய வால்வு வானொலிப் பெட்டிகள். 1940களில் பரவிய 1ஆர்5, 1டி4, 1எஸ்5, 3எஸ்4 என்னும் நான்கு வால்வுகள் கொண்ட பெட்டிக்கு இருவகை மின்னழுத்தம் வேண்டும்: இழைகளைச் சூடாக்க 1.5 வோல்ட், தகடுகளுக்குப் பெரும்பாலும் 90 வோல்ட். அந்த 90 வோல்ட் பாட்டரிக் கட்டு இன்று எளிதில் கிட்டுவதில்லை. பழுதற்ற பெட்டிகளும் பரணில் உறங்குவது அதனாலேதான்.

வழி எளியது. ஒன்பது வோல்ட் பாட்டரிகள் பத்தைத் தொடராகக் கோத்தால் 90 வோல்ட். தகடுகள் கொள்ளும் மின்னோட்டம் சொற்பமாதலால் அவை நெடுநேரம் உழைக்கும். இழைகளோ பெரும்பசிக்காரர்கள், நான்கும் சேர்ந்து 250 மில்லி ஆம்பியர் கேட்கும். பெரிய டார்ச் பாட்டரிகள் இரண்டைப் பக்க இணைப்பில் வைப்பதே அறிவுடைமை. வீட்டு மின்சாரத்திலிருந்து மாற்றித் தரும் மலிவான கருவிகள் மத்திய அலையில் இரைச்சலைக் கலந்துவிடும்.

அஞ்சத்தக்கது ஒன்றே. கம்பி மாறி 90 வோல்ட் இழைகளில் பாய்ந்தால் நான்கு வால்வுகளும் நொடியில் கருகும். எஞ்சியிருப்பவை பழைய இருப்புகள் மட்டுமே. ஆகவே வால்வுகளைக் கழற்றி வைத்து, இழைமுனைகளில் 1.5 வோல்ட்தான் வருகிறதென்று மீட்டரால் அளந்த பின்னரே அவற்றைப் பொருத்த வேண்டும்.