தில்லை மரம் உணர்த்தும் நெறி



மனிதன் இயற்கையை அழிப்பவனா, காப்பவனா என்னும் வினாவிற்குத் தில்லை மரத்தின் வரலாறே விடை பகரும். சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பெயரை அளித்தது அம்மரம். ஆயினும் இன்று அதனைக் காட்டு மரமாகக் காண விழைவோர், ஊருக்குக் கிழக்கே கடலோரத்திலுள்ள பிச்சாவரம் அலையாத்திக் காட்டிற்குச் செல்லுதல் வேண்டும்.

தில்லைவனத்தில் வழிபட்ட புலிக்கால் முனிவர், வண்டு மொய்க்குமுன் மலர் பறித்தற்பொருட்டு, மரமேறுங்கால் வழுக்காத புலிக்கால்களை இறைவனிடம் வேண்டிப் பெற்றார் என்பது புராணம். மரத்தை ஒடித்து வீழ்த்தும் வலிமையை அவர் வேண்டினாரல்லர். மரத்திற்கேற்பத் தம் கால்களையே மாற்றிக்கொண்டார்.

பின்வந்தோர் செயல் வேறாயிற்று. ஆங்கிலேயர் ஆட்சிக் காலந்தொட்டுப் பிச்சாவரக் காடு பகுதி பகுதியாக முற்றும் வெட்டப்பட்டு வந்தது. நிழலிழந்த சேற்றுநிலம் வெயிலில் உலர்ந்து, தாழ்ந்து, தொட்டி போலாயிற்று. உட்புகுந்த கடல்நீர் மீள வழியின்றித் தேங்கி வற்ற, நிலத்தில் உவர்ப்பு மிகுந்தது. மரங்கள் மீண்டும் தழைத்தில.

1990களில் வனத்துறையினரும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் அவ்வூர் மக்களும் கூடி, அந்நிலத்திற் கால்வாய்களை அகழ்ந்தனர். ஓதநீர் வந்து மீண்டது, உவர்ப்புத் தணிந்தது, நட்ட கன்றுகள் தழைத்தன. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, பிச்சாவரக் காடு அலையின் வேகத்தைத் தணித்துத் தன் பின்னிருந்த ஊர்கட்கு அரணாய் நின்றது.

அழித்ததும் மனிதன் கையே. காத்ததும் அவன் கையே. வேறுபாடு யாதெனின், சைவ சித்தாந்தம் அதனைத் தெளிவுறுத்தும். தனு, கரண, புவன, போகங்கள் உயிர்கள் உய்தற்பொருட்டு இறைவன் மாயையினின்றும் தோற்றுவித்து அளித்தவை. எழுவகைப் பிறப்பினுள் தாவரமும் ஒன்றாதலின், இப்புவனம் மனிதனுக்கு மட்டும் உரியதன்று. இறைவன் புரியும் அழித்தல் உயிர்களின் இளைப்பை நீக்குதற்கு. ‘எனது’ என்னும் செருக்கால் மனிதன் புரியும் அழித்தலோ பிற உயிர்களின் இருப்பிடத்தைப் பறிப்பது. விறகும் மரமும் வாழ்விற்கு வேண்டாவோ எனின், வேண்டும். மீண்டும் தளிர்க்க இடம் வைத்துக் கொள்வது நுகர்ச்சி; முற்றும் கொள்வது கொள்ளை.

பிறவியிலேயே கண்ணொளி இலராகியும், கயிற்றைப் பற்றி நடந்து மண் சுமந்து, திருவாரூர்த் திருக்குளத்தை அகழ்ந்தார் தண்டியடிகள். அதனைச் சிவத்தொண்டென்றே பெரியபுராணம் போற்றுகின்றது. கோபுரத்திற்கும் கலசத்திற்கும் பொருள் வழங்கிய அன்பர்கள், திருக்குட நன்னீராட்டு நிறைவுற்ற பின்னரும், குளத்திற்கு நீர் கொணரும் கால்வாயைத் தூர்வாருதற்கும், தல மரத்தின் வேர் சிமெண்டுத் தளத்தால் மூடப்படாது காத்தற்கும் ஆண்டுதோறும் ஒரு பங்கு ஒதுக்குவாராயின், அதுவும் நிறைந்த திருப்பணியேயாகும். அம்பலவாணர் திருவருள் அதற்குத் துணை நிற்பதாக.

திருச்சிற்றம்பலம்.