சத்திரத்தானை விசாரித்தது யார்?

(வல்லத்தில் நடைபெற்ற ஆதரவாளர் கூடுகையில் நமது ஆஸ்பத்திரிச் சாப்ளின் ஆற்றிய உரை)



வருஷாவருஷம் இந்தக் கூடுகையில் டாக்டர்களைப் பற்றியும் புதிய கட்டிடங்களைப் பற்றியும் சொல்லுவது வழக்கம். இந்த வருஷம் நர்சுகளைப் பற்றிப் பேச விரும்புகிறோம். இந்தச் செஞ்சிச் சீமையில் நின்று அதைப் பேசுவதற்குத் தனிப் பொருத்தம் உண்டு. நமக்குக் கிழக்கே இருக்கிற திண்டிவனத்தில்தான் 1890களில் ஒரே இரவில் மூன்று வீடுகளிலிருந்து ஆட்கள் வந்து, பிரசவ வேதனையில் கிடந்த தங்கள் மனைவிமாருக்காகக் கதவைத் தட்டினார்கள். ஆண் டாக்டர் தொடக்கூடாது என்று மூவரும் சொன்னார்கள். விடிவதற்குள் மூன்று தாய்மாரும் மரித்தார்கள். அந்த வீட்டில் இருந்த இளம்பெண் ஐடா ஸ்கடர், அமெரிக்கா சென்று மருத்துவம் படித்து 1900இல் டாக்டராகத் திரும்பி வந்தார். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சரித்திரம் இது.

ஆனால் அந்தச் சரித்திரத்தை நாம் பெரும்பாலும் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுகிறோம். அதற்குப் பின் நடந்ததைக் கவனியுங்கள். 1902இல் வேலூரில் ஆஸ்பத்திரி திறந்தாயிற்று. டாக்டர் ஒருவர் வந்துவிட்டால் போதுமா? ஆபரேஷன் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்குப் பின் வருகிற இராத்திரி நீளமானது. காய்ச்சல் ஏறுகிறதா, இரத்தம் கசிகிறதா, குழந்தை பால் குடிக்கிறதா என்று பார்க்க யாராவது விழித்திருக்க வேண்டும். ஆகவே 1909இல் அங்கே நர்சுகளுக்கான பயிற்சிப் பள்ளி தொடங்கியது. பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது 1918இல்தான். அதாவது, டாக்டர்களை உருவாக்குவதற்கு ஒன்பது வருஷம் முன்பே அவர் நர்சுகளை உருவாக்கத் தொடங்கினார். பிறருடைய இரத்தத்தையும் மலஜலத்தையும் தொடுகிற வேலைக்குத் தங்கள் பெண்ணை அனுப்பப் பல குடும்பங்கள் மறுத்த காலம் அது. அதே வேலூரில் 1946இல் நர்சிங் பட்டப்படிப்பு ஆரம்பமாயிற்று. அவ்வருஷம் டெல்லியிலும் தொடங்கியது. நம் நாட்டில் நர்சிங்குக்குப் பட்டம் என்பது இந்த இரண்டு இடங்களில்தான் முதலில் வந்தது.

இன்று அந்த ஒரு வேலை எத்தனை கிளை விட்டிருக்கிறது! ஊசி போடுகிறவர், காய்ச்சல் பார்க்கிறவர் என்றுதான் நம்மில் பலர் நர்சைக் குறித்து நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டரைக் கவனிக்கிறவரும் நர்ஸ். டயாலிசிஸ் பிரிவில் நான்கு மணி நேரம் நோயாளியின் பக்கத்தில் நிற்கிறவரும் நர்ஸ். கல்லூரியில் பாடம் நடத்துகிற பேராசிரியரும், தொற்று பரவாமல் ஆஸ்பத்திரி முழுவதையும் கண்காணிக்கிறவரும், மனநோய் வார்டில் பேச்சுக்கொடுத்து ஆற்றுகிறவரும் நர்சுகள்தாம். தொழுநோயாளருக்கென்று 1955இல் தொடங்கிய கரிகிரி ஆஸ்பத்திரியில் உணர்ச்சியற்றுப்போன பாதங்களைக் கழுவிக் கட்டினவர்களும் அவர்களே. கிராமத்தில் கர்ப்பிணிகளின் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக நடக்கிற கிராம சுகாதாரச் செவிலியர் உங்கள் எல்லாருக்கும் தெரிந்தவர். 2021இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவர்களைத் தேடி நோய்த்தணிப்புச் செவிலியர் வீட்டுக்கே வருகிறார்.

நம்முடைய ஆஸ்பத்திரியிலும் ஒவ்வொருவருக்கும் ஒரு வரம் இருக்கக் காண்கிறோம். வயிற்றுப்போக்கில் வற்றிப்போன கைக்குழந்தைக்கு நரம்பு கிடைக்காமல் எல்லாரும் தவிக்கும்போது ஒரு சிஸ்டரைத்தான் கூப்பிடுகிறார்கள். பிரசவ வார்டைத் தவிர வேறெங்கும் போகமாட்டேன் என்று பல வருஷமாகப் பிடிவாதமாக இருக்கிறார் இன்னொரு சிஸ்டர். டிரெஸ்ஸிங் அறையில் இருக்கிற தம்பி ஒருவர், சர்க்கரைப் புண்ணோடு வருகிற விவசாயிகளுக்குக் கட்டுப் போட்டு அனுப்புவதோடு நிற்பதில்லை. எம்.சி.ஆர். செருப்பை அவரே அளவெடுத்து வாங்கிக் கொடுத்து, வெறுங்காலோடு வயலில் இறங்கினால் திட்டவும் செய்கிறார். இவர்களுக்கு இது பிழைப்பு மட்டும் அல்ல, பிரியமும்கூட.

பிரியமானவர்களே, இந்தப் பிரியத்தை வைத்தே நாம் அவர்களுக்கு ஓர் அநியாயம் செய்துவிடக் கூடும். "நர்ஸ் வேலை ஒரு தியாகம், ஓர் ஊழியம்" என்று மேடையில் சொல்லுகிறோம். சொல்லட்டும், உண்மைதான். ஆனால் தியாகம் என்று பேர் வைத்துவிட்டால், அவர்களுடைய தூக்கத்தையும் சம்பளத்தையும் பாதுகாப்பையும் பற்றி விசாரிக்க வேண்டியதில்லை என்று ஆகிவிடுகிறது.

மும்பை கே.இ.எம். ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்த அருணா ஷான்பாகை நினைவிருக்கிறதா? 1973 நவம்பரில் டியூட்டி முடிந்து, ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் உடை மாற்றிக்கொண்டிருந்தபோது, அங்கே வேலை செய்த ஒருவனாலேயே தாக்கப்பட்டார். மூளை பாதிக்கப்பட்டுப் படுக்கையில் விழுந்தவர், 2015 மே மாதம் மரிக்கும்வரை எழவில்லை. ஏறக்குறைய 42 வருஷம் அதே ஆஸ்பத்திரி நர்சுகள், ஒரு தலைமுறை ஓய்வுபெற அடுத்த தலைமுறை வந்து, அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, தங்கள் வீட்டுப் பெண்ணைப்போலப் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுடைய அன்புக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் அந்தச் சாட்சியின் தொடக்கத்தில் என்ன இருக்கிறது? ஒரு நர்ஸ் பயமின்றி உடை மாற்றிக்கொள்ள ஓர் இடம் இல்லாமல் போனது இருக்கிறது.

2014இல் ஈராக்கின் திக்ரித் நகரில் யுத்தத்தின் நடுவே நம் நாட்டு நர்சுகள் 46 பேர் சிக்கிக்கொண்டார்கள். பெரும்பாலும் கேரளத்துப் பெண்கள். தேவ கிருபையால் அந்த ஜூலை மாதம் பத்திரமாகக் கொச்சி வந்து சேர்ந்தார்கள். குண்டுச் சத்தத்தின் நடுவிலும் அவர்களில் சிலர் திரும்பத் தயங்கினார்கள் என்று அப்போது செய்தி வந்தது. காரணம், வரவேண்டிய சம்பளம் பாக்கி. ஊரிலே அடைக்கவேண்டிய படிப்புக் கடன். நம்மிடத்திலிருந்து ஒரு சிஸ்டர் வளைகுடாவுக்குப் போகிறார் என்றால், "ஊழியத்தை விட்டுவிட்டார்" என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். அவர் வீட்டுக் கடன் பத்திரத்தை நாம் பார்த்ததில்லை.

நல்ல சமாரியன் உவமையை நாம் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறோம். காயப்பட்டவனைக் குறித்துப் பேசுகிறோம், விலகிப்போனவர்களைக் கண்டிக்கிறோம், சமாரியனைப் போற்றுகிறோம். சத்திரத்தான் ஒருவன் இருக்கிறானே, அவனை நினைக்கிறோமா? சமாரியன் அவனிடம் காயப்பட்டவனை ஒப்புவித்துவிட்டுத் தன் வழியே போகிறான். அதற்குப் பிறகு கட்டை அவிழ்த்துக் கட்டினது யார்? கஞ்சி காய்ச்சினது யார்? இராத்திரி முனகல் கேட்டு எழுந்தது யார்? ஆனாலும் அந்தச் சமாரியன் சத்திரத்தானின் நல்ல மனதை மட்டும் நம்பிப் போய்விடவில்லை. கையில் பணம் கொடுத்தான். அதற்கு மேல் ஆகிற செலவையும் திரும்பி வரும்போது தீர்ப்பதாக வாக்குக் கொடுத்தான். அவனுடைய தர்மத்தின் பாரம் சத்திரத்தானுடைய தலையில் விழவில்லை.

இதை நம் காரியத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். ஏழை நோயாளிக்குப் பில்லில் பாதியைத் தள்ளுபடி செய்கிறோம். நமக்கும் சந்தோஷம், அவருக்கும் சந்தோஷம். ஆனால் அந்தப் பாதியை யாராவது சுமக்கத்தானே வேண்டும்? காணிக்கையால் அது நிரம்பாவிட்டால், கடைசியில் நர்சின் சம்பளக் கவரில்தான் குறையும். அப்போது தர்மம் செய்தவர் நாம் அல்ல, அந்தப் பெண்பிள்ளை. அதுவும் அவரைக் கேட்காமலே அவர் கையிலிருந்து எடுத்த தர்மம். 2016இல் உச்ச நீதிமன்றத்தின் கட்டளைப்படி மத்திய அரசு அமைத்த குழு, தனியார் ஆஸ்பத்திரி நர்சுகளின் சம்பளத்துக்குப் பரிந்துரை கொடுத்தது. 200 படுக்கைக்கு மேலிருந்தால் அரசு நர்சுக்குச் சமமான சம்பளம். 50 படுக்கைக்குக் குறைவான சிறிய ஆஸ்பத்திரியானாலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. அரசாங்கக் குழு சொன்ன அளவுக்குச் சபையின் மனது விரியவேண்டாமா?

ஆகவே உங்களிடம் சில விண்ணப்பங்களை வைக்கிறோம். கட்டிடம் கட்டக் கேட்டால், ஸ்கேன் இயந்திரம் வாங்கக் கேட்டால், தாராளமாய்க் கொடுக்கிறீர்கள்; அதற்கு ஸ்தோத்திரம். இந்த முறை கல்வெட்டில் பேர் வெட்ட முடியாத காணிக்கைகளைக் கேட்கிறோம். நைட் டியூட்டி பார்த்தவர்கள் பகலில் வெளிச்சமும் சத்தமும் இல்லாமல் தூங்க, விடுதியில் சில அறைகள். ஒரு நர்ஸ் காய்ச்சலாய்ப் படுத்தால் மற்றவர் இரட்டை டியூட்டி பார்க்காதபடிக்கு, மாற்று நர்ஸ் ஒருவருடைய வருஷச் சம்பளம். ஊசி குத்திய காயத்தால் மஞ்சள்காமாலைக் கிருமி தொற்றாதபடிக்கு, புதிதாய்ச் சேருகிற ஒவ்வொருவருக்கும் ஹெப்படைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை. டிப்ளமோ படித்த பிள்ளை பட்டம் படிக்க உதவித்தொகை. கைப்பிள்ளைக்காரத் தாய்மாருக்கு ஒரு குழந்தைகள் காப்பகம்.

பணம் கொடுக்க இயலாதவர்களுக்கும் ஒரு காரியம் உண்டு. உங்கள் சபையிலும் நர்சுகள் இருப்பார்கள். ஞாயிறு ஆராதனைக்கு வரவில்லை என்று கணக்குப் பார்க்காமல், அந்த வாரம் எத்தனை இராத்திரி விழித்தாய் அம்மா என்று கேளுங்கள். அவர்கள் கண் கலங்கினால் புத்தி சொல்ல அவசரப்படாமல், உட்கார்ந்து கேளுங்கள். வார்டில் ஒரு குழந்தை மரித்தால் தாய் அழுகிறாள், டாக்டர் தன் அறைக்குப் போகிறார், நர்ஸோ அடுத்த படுக்கைக்குப் போகவேண்டும். அந்த அழுகையை அவர் எங்கே இறக்கி வைப்பார்?

திண்டிவனத்தில் தட்டின கதவுகள் இன்றைக்கும் தட்டப்படுகின்றன. இராத்திரியிலே திறக்கிற கை பெரும்பாலும் நர்சின் கைதான். அந்தக் கை சோர்ந்துபோகாமல் தாங்குவது உங்களுக்கும் எங்களுக்கும் கிடைத்திருக்கிற சிலாக்கியம். கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.