இன்னும் ஓர் ஆண்டு

தவக்காலம் மூன்றாம் ஞாயிறு – வானொலி மறையுரை
நற்செய்தி: லூக்கா 13:1-9



இன்றைய நற்செய்தியில் சிலர் இயேசுவிடம் ஒரு செய்தியோடு வருகிறார்கள். பலி செலுத்திக்கொண்டிருந்த கலிலேயரைப் பிலாத்து கொன்றுவிட்டான் என்பது அந்தச் செய்தி. செத்தவர்கள் பெரும் பாவிகளாக இருந்திருப்பார்களோ என்ற எண்ணம் சொல்ல வந்தவர்களின் மனதில் ஓடுகிறது. இயேசு அதை மறுக்கிறார். சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த 18 பேரையும் தாமே நினைவூட்டி, அவர்களும் மற்றவர்களைவிடக் கெட்டவர்கள் அல்லர் என்கிறார். பிறகு செய்தி கொண்டுவந்தவர்களையே பார்த்து, நீங்களும் மனம் மாறவேண்டும் என்கிறார். அதையொட்டித்தான் காய்க்காத அத்திமரத்தின் உவமை வருகிறது.

நாமும் இப்படிச் செய்தி சுமப்பவர்கள்தாம். இன்னார் மகன் கஞ்சா வழக்கில் பிடிபட்டானாம் என்று கேள்விப்பட்டால், திருப்பலி முடிந்து கோயில் வாசலைத் தாண்டுமுன் அது நான்கு பேருக்குப் போய்விடுகிறது. வளர்ப்பு சரியில்லை என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம். அடுத்த ஞாயிறு அந்தத் தாய் கடைசி வரிசையில் அமர்கிறார். அதற்கடுத்த ஞாயிறு வருவதே இல்லை.

அப்படிப் பிடிபட்ட ஓர் இளைஞரைப் பற்றி இன்று சிந்திப்போம். அவர் அமெரிக்கர். பெயர் டைரன் மத்தியூ. லூயிசியானா மாநிலத்தின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் 1992-இல் பிறந்தார். தந்தை சிறையில் இருந்தார். முதலில் தாத்தா பாட்டியும், பிறகு மாமாவும் அத்தையும் அவரைத் தங்கள் பிள்ளையாக வளர்த்தார்கள். படித்தது ஒரு கத்தோலிக்கப் பள்ளியில். புனித யோசேப்பு சபைக் குருக்கள் கறுப்பின மாணவர்களுக்காக 1951-இல் தொடங்கிய புனித அகுஸ்தீனார் உயர்நிலைப் பள்ளி அது.

அவர் ஆடியது அமெரிக்கக் கால்பந்து. நாம் அறிந்த கால்பந்து அல்ல. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிற, ஓடுபவரை மோதி வீழ்த்துகிற ஆட்டம். அங்கே கல்லூரி அணிகளின் ஆட்டத்துக்கே ஊர் திரண்டுவிடும். லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் அரங்கத்தில் அன்று 92,000-க்கும் மேற்பட்டோர் அமரலாம். ஐந்தடி ஒன்பது அங்குலமே இருந்த மத்தியூ, தம்மைவிட மிகப் பெரிய ஆட்களை வீழ்த்தினார். 2011 டிசம்பரில், நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதின் இறுதிப் பட்டியலில் இருந்த ஐந்து பேரில் அவரும் ஒருவர். அப்போது வயது 19.

எட்டு மாதங்களில் எல்லாம் மாறியது. பல்கலைக்கழகம் நடத்திய போதைப்பொருள் பரிசோதனைகளில் அவர் மீண்டும் மீண்டும் தவறினார். 2012 ஆகஸ்ட் 10 அன்று பயிற்சியாளர் லெஸ் மைல்ஸ் அவரை அணியிலிருந்து நீக்கினார். எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் விதி விதிதான் என்று அந்த நிறுவனம் காட்டியது. அந்த ஆண்டு முழுவதும் அவருக்கு ஆட்டம் இல்லை.

மத்தியூ ஹூஸ்டன் நகருக்குப் போனார். ஜான் லூகாஸ் என்பவர் அங்கே அவரை ஏற்றுக்கொண்டார். லூகாஸ் முன்னாள் கூடைப்பந்து வீரர். போதையால் தம் ஆட்ட வாழ்வையே குலைத்துக்கொண்டு, பிறகு மீண்டு, தம்மைப் போல விழுந்தவர்களுக்குக் கைகொடுப்பதைத் தம் பணியாக்கிக்கொண்டவர். சில வாரங்களுக்குப் பின் மத்தியூ பல்கலைக்கழகத்துக்கே மாணவராகத் திரும்பினார். நல்ல முடிவு என்று நினைக்கத் தோன்றுகிறது அல்லவா?

ஆனால் அக்டோபர் 25 அன்று, முன்னாள் அணித்தோழர்கள் மூவரோடு கஞ்சா வழக்கில் அவரைக் காவல்துறை கைது செய்தது. அதாவது, கொடுத்த வாய்ப்பையும் தவறவிட்டார். இந்த இடத்தில்தான் நமக்கும் பொறுமை போய்விடுகிறது. முதல் தடவை மன்னிக்கிறோம். இரண்டாம் தடவை, இது திருந்தாத ஜென்மம் என்று சொல்லிக் கோடரியை எடுக்கிறோம்.

நேயர்களே, உவமையைக் கவனியுங்கள். தோட்ட உரிமையாளர் அவசரக்காரர் அல்லர். மூன்று ஆண்டுகள் வந்து பார்த்து ஏமாந்தவர். அவர் கோபத்தில் நியாயம் உண்டு. தோட்டத் தொழிலாளரும் அதை மறுக்கவில்லை. மரம் நன்றாகத்தான் இருக்கிறது என்று பொய் சொல்லவில்லை. இன்னும் ஓர் ஆண்டு கேட்கிறார். அந்த ஓர் ஆண்டில் தாம் என்ன செய்யப்போகிறார் என்பதையும் சொல்கிறார். சுற்றிலும் கொத்திவிடுவார், எரு போடுவார். இரக்கம் என்பது கையில் மண் ஒட்டுகிற வேலை. இறுகிய மண்ணைக் கொத்தினால் வேருக்கும் வலிக்கும். எரு நாற்றமெடுக்கும். தூரத்தில் நின்று ‘ஆண்டவர் பார்த்துக்கொள்வார்’ என்று சொல்வது தோட்ட வேலை ஆகாது.

மத்தியூ மறுபடியும் சிகிச்சைக்குப் போனார். 2013 ஏப்ரலில் தொழில்முறை அணிகள் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தபோது, 68 பேரை அழைத்த பிறகுதான் அவர் பெயர் வந்தது. தவறின் விலையை அவர் கொடுத்தார். அவரைத் தேர்ந்தெடுத்த அரிசோனா அணியில், பல்கலைக்கழகத்தில் அவரோடு ஆடிய பேட்ரிக் பீட்டர்சன் இருந்தார். நண்பனுக்காகப் பொறுப்பேற்று நின்றார். அணியும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவில்லை. போதைப்பொருள் பரிசோதனைகள் தொடரும் என்ற கண்டிப்போடுதான் ஏற்றது. அந்தக் கண்டிப்பும் எருதான். முதல் ஆண்டிலேயே முழங்காலில் பெரும் காயம் பட்டு, அதிலிருந்தும் எழுந்தார். 2015-இல் நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் பட்டியலில் இடம்பெற்றார். 2020 பிப்ரவரியில் கான்சஸ் சிட்டி அணியோடு மிக உயர்ந்த கோப்பையை வென்றார். 2022-இல் சொந்த ஊரான நியூ ஆர்லியன்ஸ் அணிக்கே திரும்பினார். அனைத்துப் புனிதர்கள் பெருவிழாவான 1966 நவம்பர் முதல் நாளில் உருவான அந்த அணியின் பெயர், ‘புனிதர்கள்’.

கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் இதைக் கேட்கும் சில பெற்றோரின் நெஞ்சில் இது முள்ளாகவும் குத்தும் என்று நமக்குத் தெரியும். எங்கள் பிள்ளை இன்னும் திரும்பவில்லையே என்று அவர்கள் நினைப்பார்கள். அவர்களுக்காகவே இந்த உவமையின் முடிவைச் சொல்ல விரும்புகிறோம். அந்த மரம் காய்த்ததா இல்லையா? லூக்கா சொல்லவில்லை. காய்க்கும் என்ற உறுதி கிடைத்த பிறகு அந்தத் தொழிலாளர் மண்வெட்டியை எடுக்கவில்லை. அந்த மரத்தை நேசித்ததால் எடுத்தார். ஜான் லூகாசுக்கும் அன்று உறுதி எதுவும் இல்லை. மாமாவுக்கும் அத்தைக்கும் இல்லை.

மத்தியூ படித்த பள்ளியின் பெயரை நினைத்துப் பாருங்கள். புனித அகுஸ்தீனாரும் வழிதவறிய பிள்ளைதான். அவருடைய தாய் புனித மோனிக்கா ஆண்டுக்கணக்கில் அழுதார்; கடல் கடந்து மகனைத் தேடிப் போனார். 386-இல் மிலான் நகரில் ஒரு தோட்டத்தில் அகுஸ்தீனார் மனமுடைந்து அழுதார். அப்போது அவர் விழுந்து கிடந்தது ஓர் அத்திமரத்தின் அடியில்.

இத்தவக்காலத்தில் நாம் ஒன்று செய்வோம். நம் பங்கில் கடைசி வரிசைக்குப் போய்விட்ட குடும்பம் ஒன்று இருக்கும். அவர்கள் வீட்டுக்குப் போவோம். அறிவுரை வேண்டாம், அருகில் அமர்வோம். மறுவாழ்வு மையத்துக்கு அழைத்துச் செல்லத் துணை தேவையா, வழக்குக்கு ஒரு நல்ல வழக்கறிஞர் தேவையா என்று கேட்போம். அந்தப் பிள்ளை திரும்பி வரும் ஞாயிறன்று, அவன் அமர நம் பக்கத்தில் இடம் விடுவோம். பங்குக் குருக்களாகிய நாங்களும் இதில் பல நேரம் தவறியிருக்கிறோம், எங்களுக்காகவும் மன்றாடுங்கள்.

அன்புத் தந்தையே, காய்க்காத மரங்களாகிய எங்களையும் நீர் எத்தனையோ ஆண்டுகள் விட்டுவைத்திருக்கிறீர். போதையின் பிடியில் இருக்கும் எம் பிள்ளைகளைச் சுற்றி மண்ணைக் கொத்த எங்களுக்கு வலிமை தாரும். ஆமென்.