கைவினை வகுப்புகளும் கற்பவர் வாழ்வும்

 

நமது கிராமங்களில் கைவினைகள் நூற்றாண்டுக் கணக்கில் வகுப்பறையின்றியே கற்பிக்கப்பட்டு வந்தன. குயவரின் மகன் சக்கரத்தருகே தவழ்ந்து வளர்ந்தான். நெசவாளியின் மகள் நூல் சுற்றியவாறே தறியின் ஓசையைப் பழகினாள். வீடே பள்ளி, தாயும் தந்தையுமே ஆசிரியர்கள். கற்ற தொழிலுக்கு வேண்டிய மூலப்பொருளும், வாங்குவோரின் அறிமுகமும் அந்த வீட்டிலேயே கிடைத்தன. ஆயினும் அம்முறையில் பெருங்குறை ஒன்று உண்டு. அந்த வீட்டில், அந்தச் சமூகத்தில் பிறவாதவருக்குக் கதவு மூடியே இருந்தது.

இன்று அந்தச் சங்கிலி பல இடங்களில் அறுந்து வருகிறது. பிள்ளைகள் பள்ளிக்குச் செல்கிறார்கள். பின்னர் வேறு வேலைகளை நாடுகிறார்கள். அது தவறன்று. எனவே வீடு விட்ட இடத்தை நிரப்ப வகுப்புகள் தேவைப்படுகின்றன என்பதில் ஐயமில்லை. வகுப்பு எதைத் தர வேண்டும் என்பதே இன்று நாம் ஆராய வேண்டிய கேள்வியாகும்.

இது தொடர்பாக என் பணிக்கால நிகழ்ச்சி ஒன்றைக் கூற விரும்புகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் வட மாநிலம் ஒன்றில் மகளிருக்கான பூத்தையல் வகுப்பை மதிப்பிடச் சென்றேன். வருகைப் பதிவேடு நிறைந்திருந்தது. உதவித்தொகை ஒழுங்காக வழங்கப்பட்டிருந்தது. அனைவரும் சான்றிதழ் பெற்றிருந்தனர். 'இலக்கு முழுமையாக எய்தப்பட்டது' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழித்து, வேறு பணியாக அதே ஊருக்குச் செல்ல நேர்ந்தது. பயிற்சி பெற்ற ஓர் அம்மையாரின் வீட்டில் சான்றிதழ் கண்ணாடியிட்டு மாட்டப்பட்டிருந்தது. தையற் சட்டமோ பரண்மேல் கிடந்தது. காரணம் கேட்டேன். "நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்தார்கள், ஐயா. நூலுக்கு எங்கே போவது, தைத்ததை யாரிடம் விற்பது என்று மட்டும் சொல்லவில்லை" என்றார். நான் கையொப்பமிட்ட அறிக்கையில் அந்த இரண்டு கேள்விகளுக்கும் இடமே இருக்கவில்லை.

இக்குறை அந்த ஒரு வகுப்புக்கு மட்டும் உரியதன்று. 1979-ஆம் ஆண்டு கிராமப்புற இளைஞர்களைச் சுயதொழிலுக்குப் பயிற்றுவிக்கத் தொடங்கப்பட்ட 'டிரைசெம்' திட்டம், 1999-ஆம் ஆண்டு வேறொரு திட்டத்துடன் இணைக்கப்பட்டது. பயிற்சி பெற்றோரில் பலர் கற்ற தொழிலைத் தொடங்கவில்லை என்பதே அதன்மீது எழுந்த முதன்மையான குறைபாடு. நல்ல முறையில் நடந்த இரு முயற்சிகளை இதனோடு ஒப்பிட்டால் உண்மை விளங்கும்.

முதலாவது பீகாரின் மிதிலைப் பகுதி. மதுபனி மாவட்டத்துப் பெண்கள் மண அறைச் சுவர்களில் சித்திரம் தீட்டுவதும், தரையில் அரிசிமாவால் 'அரிபன்' இடுவதும் நெடுங்கால வழக்கம். 1966-67-இல் கடும் வறட்சி ஏற்பட்டபோது, அகில இந்திய கைவினைப் பொருள்கள் வாரியத்தைச் சேர்ந்த புபுல் ஜெயகரின் முயற்சியால் ஓவியர் பாஸ்கர் குல்கர்னி அங்கு அனுப்பப்பட்டார். சுவரில் வரைந்ததைத் தாளில் வரையுமாறு அவர் பெண்களை ஊக்குவித்தார். தாள் கொடுக்கப்பட்டது; வரைந்த படங்கள் விலைக்கு வாங்கப்பட்டன. கலை அவர்கள் கையில் ஏற்கெனவே இருந்தது. இல்லாதிருந்தவை தாளும் சந்தையுமே. ஜித்வார்பூரின் ஜகதம்பா தேவிக்கு 1975-லும், சீதா தேவிக்கு 1981-லும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அடுத்து நிகழ்ந்தது இன்னும் முக்கியமானது. தொடக்கத்தில் பெரும்பாலும் பிராமண, காயஸ்தக் குடும்பங்களின் கலையாக அறியப்பட்டது, பிறருக்கும் வாழ்வளிக்கத் தொடங்கியது. துசாத் சமூகப் பெண்கள் பச்சைகுத்தும் வடிவங்களை அடியொற்றி 'கோத்னா' என்னும் பாணியை உருவாக்கினர். ராந்தி கிராமத்தின் துலாரி தேவி மீனவச் சமூகத்தில் பிறந்தவர். பள்ளிக் கல்வி பெறாதவர். மகாசுந்தரி தேவி, கர்பூரி தேவி என்னும் ஓவியர்களின் இல்லங்களில் வீட்டு வேலை செய்தபோது அவர்களிடமே சித்திரம் கற்றார். மகாசுந்தரி தேவி 2011-இல் பத்மஸ்ரீ பெற்றார். அவர் வீட்டில் பணிபுரிந்த துலாரி தேவி 2021-இல் அதே விருதைப் பெற்றார். துலாரி தேவிக்கு அந்த வாய்ப்பு ஒரு வீட்டின் நல்லெண்ணத்தால் வாய்த்தது. எல்லோருக்கும் அவ்வாறு வாய்க்காது. அந்த வாய்ப்பை முறையாக வழங்குவதே வகுப்பின் வேலை. 2003-ஆம் ஆண்டு மதுபனியில் தொடங்கப்பட்ட மிதிலா கலைப் பயிற்சி நிலையம், கட்டணமின்றி இளைஞர்களுக்குக் கற்பித்தது இந்நோக்கத்தாலேயே.

இரண்டாவது எடுத்துக்காட்டு குஜராத்தின் கட்ச் மாவட்டம். அங்கு நிலைமை வேறு. நெசவு, பூத்தையல், 'அஜ்ரக்' அச்சுத் துணி ஆகியவற்றில் கைதேர்ந்த குடும்பங்கள் ஏராளம். கைத்திறனை அவர்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் என்ன செய்வது, எந்த நிறத்தில் செய்வது, எவ்விலைக்கு விற்பது என்பவற்றை வியாபாரியே முடிவு செய்துவந்தார். கைவினைஞர் கூலியாளாகவே நின்றார். இதனை மாற்ற 2005-ஆம் ஆண்டு கலா ரட்சா வித்யாலயா என்னும் பள்ளி தொடங்கப்பட்டது. 2014-இல் சோமையா கலா வித்யா அதே வழியில் தோன்றியது. நிறம், வடிவமைப்பு, சந்தையறிவு, பொருளைச் செம்மையாக முடித்தல், காட்சிப்படுத்துதல் ஆகியவை அங்குப் பாடங்களாயின.

இப்பள்ளியின் கால அட்டவணை நம் கவனத்திற்குரியது. ஓராண்டுப் பாடம் இரண்டு வாரம் வீதம் ஆறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. இடைப்பட்ட நாள்களில் மாணவர் வீடு திரும்பித் தொழிலைத் தொடரலாம். கற்றதைத் தம் தறியிலேயே செய்து பார்க்கலாம். அன்றாட உழைப்பை நம்பி வாழும் குடும்பத்தலைவர் ஓராண்டு முழுவதும் வீட்டை விட்டு வந்து படிக்க இயலாது என்பதை அறிந்து வகுத்த ஏற்பாடு இது.

மூலப்பொருள் இன்றிக் கலை நிலைக்காது என்பதற்கும் கட்ச்சே சான்று. அஜ்ரக் துணியைப் பன்முறை நீரில் அலச வேண்டும். நீரின் தன்மையே நிறத்தைத் தீர்மானிக்கிறது. 2001-ஆம் ஆண்டு நிலநடுக்கத்திற்குப் பின் தமட்கா கிராமத்து நீரில் இரும்புச் சத்து மிகுந்ததால், பல குடும்பங்கள் புஜ் நகருக்கு அருகே அஜ்ரக்பூர் என்ற புதிய ஊரையே அமைத்துக் குடியேறின. கைத்திறன் குறையாதிருந்தும் நீர் கெட்டதால் பல குடும்பங்கள் இடம்பெயர வேண்டியதாயிற்று.

பொருளியல் பயின்றவன் என்ற முறையில் இன்னொன்றையும் வலியுறுத்த விரும்புகிறேன். நம் வகுப்புகளில் பெரும்பாலும் இடம்பெறாத பாடம் விலைக்கணக்கு. எடுத்துக்காட்டாக, ஒரு படம் வரைய 6 நாள்கள் ஆகின்றன. தாளுக்கும் வண்ணத்திற்கும் ரூ.300 செலவாகிறது, படம் ரூ.1,500-க்கு விற்கிறது என்று கொள்வோம். ரூ.1,200 மிச்சம் என்று அவர் மகிழ்கிறார். நாளொன்றுக்கு ரூ.200 மட்டுமே கிடைத்தது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை. அது அவ்வூர்க் கூலியைவிடக் குறைவெனில், அவருடைய மகள் அத்தொழிலைத் தொடர மாட்டாள். தம் உழைப்பு நாள்களையும் செலவில் சேர்த்து விலை சொல்லத் தெரிந்தவரே வியாபாரியிடம் பேரம் பேச முடியும்.

2023-ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கப்பட்ட பிரதமரின் விஸ்வகர்மா திட்டம் 18 தொழில்களைச் சார்ந்தோருக்குப் பயிற்சி, கருவிகள் வாங்க ரூ.15,000, குறைந்த வட்டியில் கடன் ஆகியவற்றை வழங்க வகை செய்கிறது. பயிற்சியையும் கருவியையும் கடனையும் ஒன்றாக இணைத்தது வரவேற்கத்தக்கது. அதன் அடிப்படைப் பயிற்சி ஒரு வார அளவினது. கை பழகியவர்க்கு அது பொருந்தும். புதிதாகக் கற்பவர்க்கு அக்காலம் போதாது. எனவே கற்பவர் யாவர் என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். திறன் உள்ளவர்க்குக் கட்ச் வழி. திறன் நாடி வருபவர்க்கு மிதிலை வழி.

உங்கள் முன் மூன்று கருத்துகளை வைக்கிறேன். முதலாவதாக, புதியவர்க்கான வகுப்பு, இயன்றவரை தேர்ந்த கைவினைஞரின் பட்டறையிலேயே நடைபெற வேண்டும். கற்பிக்கும் நாள்களில் அவர் இழக்கும் வருவாயை ஈடுசெய்யும் ஊதியம் அவருக்கு வழங்கப்பட வேண்டும். இரண்டாவதாக, மூலப்பொருள் வாங்குமிடத்திற்கும் விற்பனைச் சந்தைக்கும் மாணவரை நேரில் அழைத்துச் செல்வதும், விலைக்கணக்கும் பாடத்தின் பகுதிகளாக வேண்டும். மூன்றாவதாக, வகுப்பின் வெற்றியைச் சான்றிதழ் வழங்கும் நாளில் கணக்கிடாமல், இரண்டாண்டுகள் கழித்துக் கணக்கிட வேண்டும். எத்தனை பேர் தொழில் செய்கிறார்கள், நாளொன்றுக்கு என்ன ஈட்டுகிறார்கள் என்ற இரண்டு பத்திகள் பதிவேட்டில் சேர்ந்தால் போதும்.

இம்முறையில் கணக்கிட்டால் நம் அறிக்கைகளில் சில எண்கள் குறையக்கூடும். குறையட்டும். பரண்மேல் கிடந்த அந்தத் தையற் சட்டத்தை எந்த அறிக்கையும் எனக்குக் காட்டவில்லை. அந்த வீட்டிற்குச் சென்றதால்தான் கண்டேன். நீங்களும் உங்களிடம் கற்றவர்களின் வீடுகளுக்கு ஒரு முறை சென்று வாருங்கள் எனக் கேட்டுக்கொண்டு, என் உரையை நிறைவு செய்கிறேன்.