காத்திருப்பும் கற்றலும்



படிப்பு முடிந்ததும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிவு செய்துவிட்டு, அழைப்புக் கடிதத்தை எதிர்பார்த்திருப்பது நம் வீடுகளில் நெடுநாள் வழக்கம். இரண்டாம் உலகப்போர் முடிவுற்ற 1945ஆம் ஆண்டில், படையிலிருந்து மீண்டவர்களுக்கு வேலை தேடித்தர இந்தியாவில் ஏற்பட்டது அந்த ஏற்பாடு. 1948ஆம் ஆண்டில் அது எல்லோருக்கும் உரியதாயிற்று. 25 பேரோ, அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் தனியார் நிறுவனங்கள் தம் காலியிடங்களை இவ்வலுவலகங்களுக்கு அறிவிக்க வேண்டும் என்று 1959ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. ஆனால், அங்கிருந்தே ஆளை எடுக்க வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தவில்லை. இதனை அறியாமல், பதிவு எண்ணையே வேலையென நம்பி இளமையைக் கழித்தோர் பலர்.

இன்று வேலை தருவோர், 'என்ன படித்தீர்?' என்பதோடு நிற்பதில்லை. 'என்ன செய்யத் தெரியும்?' என்றும் வினவுகின்றனர். இவ்வினாவிற்கு விடைகாண உதவுவது 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம். தொழிற்கூடத்திலோ அலுவலகத்திலோ உதவித்தொகை பெற்றுக்கொண்டே தொழில் கற்க அது வழிசெய்கிறது. 2014ஆம் ஆண்டுத் திருத்தத்தால், பொறியியல் பயிலாத பட்டதாரிகளுக்கும் அவ்வாயில் திறந்தது.

பயிற்சி முடிந்தவுடன் அவ்விடத்திலேயே வேலை உறுதி என்று எண்ணிவிடாதீர்கள். சட்டம் அவ்வாறு உறுதி கூறவில்லை. ஆயினும், கற்ற திறமை எங்கு சென்றாலும் உங்களுடன் வரும்; பதிவு எண்ணோ ஏட்டிலேயே தங்கிவிடும்.

ஆகவே, பெயரைப் பதிவு செய்யுங்கள், அதில் தவறில்லை. ஆனால், காத்திருக்கும் நாட்களைக் கற்கும் நாட்களாக்கிக் கொள்ளுங்கள்.