பட்சிராஜன் வழக்கு
("2.0" திரைப்படத்தை மீண்டும் பார்த்த பின்பு, சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

புலவர் பெருமக்கள் பேசிச் சென்ற மேடை இது. பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு எழுத்தர் வேலைக்கு வந்த நம்மைப் போன்றோர் இங்கு நின்று பேசுவதே துணிச்சல். பேசப்போகும் பொருளும் ஒரு திரைப்படம் என்றால், "இதற்கா இந்த மேடை?" என்று சிலர் நினைக்கக்கூடும். பொறுத்தருள வேண்டுகிறோம். இது படத்தில் தொடங்கி, நாம் குடியேறி வாழும் இத்தீவுகளில் வந்து முடியும் பேச்சாகும்.

2018ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 29ஆம் நாள் இயக்குநர் சங்கரின் "2.0" வெளிவந்தது. 2010இல் வந்த "எந்திர"னின் அடுத்த பாகம் அது. இரஜினிகாந்த் விஞ்ஞானி வசீகரனாகவும், சிட்டி என்னும் எந்திர மனிதனாகவும் நடித்தார். இந்தி நடிகர் அட்சய் குமார் பட்சிராஜன் என்னும் பறவை ஆராய்ச்சியாளராக நடித்தார். ஐந்நூறு கோடி ரூபாய்க்கு மேல் செலவாயிற்று என்று சொல்லப்பட்டது.

அந்நாளில் இப்படம் தமிழ்க் குடும்பங்களை இரண்டாகப் பிரித்தது நினைவிருக்கலாம். நமது குடியிருப்பிலும் அப்படியே. "தமிழனாலும் இவ்வளவு பெரிய படம் எடுக்க முடியும்; முப்பரிமாணத்திலேயே படம் பிடித்திருக்கிறார்கள்" என்று இளைஞர் நெஞ்சு நிமிர்த்தினர். "'எந்திர'னில் இருந்த சுஜாதாவின் குறும்பு எங்கே? பின்பாதி முழுதும் இரும்பும் இரும்பும் மோதுகின்ற ஓசைதானே!" என்று பெரியவர்கள் சலித்துக்கொண்டனர். "வில்லன் சொல்வதுதானே நியாயம்? அவனை ஏன் கொல்ல வேண்டும்?" என்று தாய்மார்கள் கேட்டனர். படம் திரைக்கு வருமுன்பே வழக்கு எழுந்துவிட்டது. கைபேசிச் சேவை நிறுவனங்களின் கூட்டமைப்பு, அலைக்கற்றையைப் பற்றி இப்படம் பொய்யான அச்சத்தைப் பரப்புகிறது என்று தணிக்கைக் குழுவிடம் முறையிட்டது.

நாம் அன்று விடுமுறையில் சென்னை சென்றிருந்தபோது, கறுப்புக் கண்ணாடி அணிந்து இப்படத்தைப் பார்த்தோம். வெளியே வந்ததும், "கண்ணுக்கு விருந்து, கருத்துக்குப் பட்டினி" என்று ஒரே வரியில் தீர்ப்பெழுதிவிட்டோம். ஆண்டுகள் பல சென்றன. அண்மையில் நம் மகள் தன் கைபேசியில் அதே படத்தைப் பார்த்துவிட்டு, "அப்பா, குருவிகள் செத்ததற்குக் கோபுரங்கள்தான் காரணமா?" என்று கேட்டாள். விடை நமக்குத் தெரியவில்லை. ஆகவே அவளோடு அமர்ந்து மறுமுறையும் பார்த்தோம். படிக்கக் கிடைத்தவற்றைப் படித்தோம். பழைய தீர்ப்பைத் திருத்த வேண்டியதாயிற்று. அதைச் சொல்லவே இன்று வந்தோம்.

படத்தின் கதையை மறந்தவர்களுக்காகச் சுருங்கச் சொல்வோம். பறவைகளைப் பிள்ளைகளாக வளர்த்த முதியவர் பட்சிராஜன். கைபேசிக் கோபுரங்களின் கதிர்வீச்சால் அவை மாள்கின்றன என்று நம்பி, நிறுவனத்தாரிடமும் அரசிடமும் நீதிமன்றத்திலும் முறையிடுகிறார். எவரும் செவிசாய்க்கவில்லை. மனமுடைந்து ஒரு கோபுரத்திலேயே தூக்கிட்டு உயிர்விடுகிறார். பின்னர் ஆவியுருவில் எழுந்து ஊரிலுள்ள கைபேசிகளையெல்லாம் பறித்து, அவற்றாலேயே ஒரு பெரும் பறவையாகி மாந்தரைக் கொல்கிறார். அவரை அடக்கச் சிட்டி மீண்டும் உயிர்ப்பிக்கப்படுகிறது.

முதற்கண் அறிவியலைப் பார்ப்போம். மகள் கேட்ட கேள்விக்குக் கிடைத்த விடை, "சான்று இல்லை" என்பதே. 2020இல் வெளியான "இந்தியப் பறவைகளின் நிலை" என்னும் அறிக்கை, நாடு முழுவதும் எடுத்துப் பார்த்தால் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் ஏறத்தாழ நிலையாகவே உள்ளது என்று கூறுகிறது. பெருநகரங்களில் மட்டும் அது குறைந்துவருகிறது. அதற்குக் கூடு கட்ட இடமின்மையும், குஞ்சுகளுக்கு ஊட்டும் பூச்சிகள் அருகியமையும் காரணமாகலாம். ஓட்டு வீட்டு இறவாரம் போயிற்று. முற்றத்தில் நெல் உலர்த்தும் வழக்கமும் போயிற்று. கோபுரக் கதிர்வீச்சே காரணம் என்பதற்கு உறுதியான சான்று கிட்டவில்லை. ஆயினும் அரசு வாளாவிருக்கவில்லை. 2012 செப்டம்பர் முதல் நாளிலிருந்து, பன்னாட்டு அளவில் பரிந்துரைக்கப்பட்ட கதிர்வீச்சு வரம்பில் பத்தில் ஒரு பங்கையே நம் நாடு வரம்பாகக் கொண்டது.

எழுத்தர் தொழிலில் ஒரு பிழை உண்டு. செலவு நடந்திருக்கும், தொகையும் சரியாக இருக்கும். ஆனால் வேறொரு கணக்குத் தலைப்பின்கீழ் எழுதிவிடுவர். பட்சிராஜன் செய்தது அந்தப் பிழையே. பறவைகள் குறைகின்றன என்ற பற்று உண்மை. அதைக் கைபேசித் தலைப்பில் எழுதியதுதான் தவறு. தலைப்புத் தவறு என்பதற்காகப் பற்றே இல்லையென்று அடித்துவிடலாகாது. நாம் 2018இல் அப்படித்தான் அடித்துவிட்டோம்.

கைபேசியின் பக்கமும் சொல்ல வேண்டியதுண்டு. அதை நம்மைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் யார்? 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது, இங்குள்ளோர் உயிரோடிருக்கின்றனரா என்று அறிய முடியாமல் தாய்நாட்டில் நம் உறவினர் பட்ட துயரத்தை இந்த அவையில் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். இருப்புப் பாதையே இல்லாத இத்தீவில் இரயில் முன்பதிவுச் சாளரத்தில் அமர்ந்திருக்கும் நமக்கும் ஒரு நினைவு உண்டு. எல்லாச் செய்தியும் செயற்கைக்கோள் வழியாகவே வந்த காலத்தில், இணைப்பு நின்றால் சாளரமும் நின்றுவிடும். ஊரில் தந்தைக்கு உடல்நலமில்லையென்று கப்பலேறப் புறப்பட்ட ஓர் அம்மையார், சென்னையிலிருந்து மதுரைக்குச் சீட்டு வேண்டிக் காலைமுதல் மாலைவரை அந்தச் சாளரத்தின் முன் நின்றதை நாம் மறக்கவில்லை. 2020 ஆகஸ்டு 10ஆம் நாள், சென்னையிலிருந்து ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கம்பி வடம் தொடங்கிவைக்கப்பட்டது. போர்ட் பிளேயருக்கும் (2024 முதல் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) கார் நிக்கோபார், பெரிய நிக்கோபார் முதலிய தீவுகளுக்கும் அது வந்து சேர்ந்தது. அதைச் சாபமென்று நாம் சொல்லவியலாது.

அப்படியாயின் நம் தீவுகளில் பறவைகளுக்கு இடர் எங்கிருந்து வருகிறது? மூன்று பறவைகளைச் சொல்வோம்.

முதலாவது நிக்கோபார் மெகாபோடு. கோழியை ஒத்த இப்பறவை அடைகாப்பதில்லை. கடற்கரையோரம் மணலும் பவளத்தூளும் இலைச்சருகும் கூட்டிப் பெரிய மேடு எழுப்பி, அதனுள் முட்டையிட்டு, மேட்டின் வெப்பத்திலேயே பொரிக்கச் செய்கிறது. ஆழிப்பேரலை கரையோரத்து மேடுகளை வாரிச் சென்றது. 2006இல் எடுத்த கணக்கில், கரையோரத்து இணைகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்துவிட்டமை தெரிந்தது. மெகாபோடு மேடுகட்டும் இடங்களுள் ஒன்று பெரிய நிக்கோபாரிலுள்ள கலத்தியா விரிகுடா. துறைமுகத் திட்டத்திற்காக அதன் சரணாலயத் தகுதி 2021இல் நீக்கப்பட்டது.

இரண்டாவது நார்கொண்டம் இருவாட்சி. ஏழு சதுர கிலோமீட்டர்கூட இல்லாத நார்கொண்டம் தீவையன்றி உலகில் வேறெங்கும் இப்பறவை இல்லை. அங்கு ஒரு ரேடார் நிலையம் அமைக்கும் திட்டத்திற்கு 2012இல் சுற்றுச்சூழல் அமைச்சகம் இசைவு மறுத்தது. 2014இல் இசைவு கிடைத்தது. பறவை அறிஞர்கள் அஞ்சியது ரேடாரின் அலைகளை அன்று. அதனுடன் வரும் சாலையையும், வெட்டப்படும் மரங்களையும், ஆள் நடமாட்டத்தையும் எண்ணியே அஞ்சினர். பெருமரப் பொந்து இல்லையேல் இருவாட்சிக்குக் கூடில்லை. நாட்டின் காவலும் வேண்டும், பறவையின் வாழ்வும் வேண்டும். இவ்விரண்டுக்குமிடையே தீர்ப்புச் சொல்வது எளிதன்று.

மூன்றாவது, தன் உமிழ்நீராலேயே குகைச் சுவரில் வெண்ணிறக் கூடு கட்டும் சிறு உழவாரக் குருவி. அக்கூட்டைச் சூப்பாக்கி உண்ணும் வழக்கம் கீழை நாடுகளில் இருப்பதால் அதற்குப் பெருவிலை. குஞ்சு பொரிக்குமுன்பே கூட்டைப் பெயர்த்துச் செல்லும் திருட்டு பெருகி, பறவைகள் விரைந்து குறைந்தன.

பட்சிராஜனுக்கு மும்பையின் பறவையியல் மேதை சலீம் அலியே முன்மாதிரி என்று அன்று பேசப்பட்டது. 1896இல் பிறந்து 1987இல் மறைந்த அப்பெரியார் பெயரால் கோயம்புத்தூரில் ஒரு பறவையியல் ஆய்வு மையம் இயங்கிவருகிறது. அம்மையத்தைச் சேர்ந்த ரவி சங்கரன் என்னும் அறிஞர் 1990களில் நிக்கோபார்க் கரைகளில் அலைந்து மெகாபோடுகளை எண்ணினார். உழவாரக் குருவியின் குகைகளைத் தேடி ஆராய்ந்தார். 1999இல் வனத்துறையோடு சேர்ந்து, வட அந்தமானிலும் இண்டர்வியூ தீவிலுமுள்ள குகைகளைக் காக்கும் பணி தொடங்கிற்று. அங்குக் காவலுக்கு நியமிக்கப்பட்டோர் யார் தெரியுமா? கூடு எடுத்துப் பிழைத்தவர்களே. எந்தக் குகையில் எந்த மூலையில் கூடிருக்கும் என்பது அவர்களுக்கன்றி வேறு யாருக்குத் தெரியும்? பெயர்த்த கைகளே காத்தன. அக்குகைகளில் குருவிகள் மீண்டும் பெருகின. அம்மையத்தின் இயக்குநராக இருந்தபோதே, 2009 ஜனவரியில் ரவி சங்கரன் மறைந்தார். இத்தீவுகளின் பறவைகள் அவருக்குக் கடன்பட்டவை. நம் பிள்ளைகள் அவர் பெயரையும் அறிந்திருத்தல் வேண்டும்.

திரைக்கதையில் பட்சிராஜன் கைபேசி வணிகரையும் கோபுர முதலாளியையும் அமைச்சரையும் கொன்றார். அதனால் ஒரு குருவியும் பிழைக்கவில்லை. மெய்வாழ்வில் ரவி சங்கரன் திருடரைக் காவலராக்கினார். படத்தின் பெருங்குறை இங்கேதான் இருப்பதாக இப்போது நமக்குத் தோன்றுகிறது. அலைக்கற்றையைப் பற்றிய பிழைகூடச் சிறிதே. வானளாவிய பறவையும் வானளாவிய எந்திரனும் மோதும் கதையில், குகை வாயிலில் இரவெல்லாம் விழித்திருக்கும் காவற்காரனுக்கு இடமில்லாமற் போயிற்று.

இனி, நம் மனத்தை மாற்றிய காட்சியைச் சொல்வோம். இறுதிப் போரில் பட்சிராஜன் வசீகரனின் உடலுக்குள் புகுந்துகொள்கிறார். தன்னைப் படைத்தவரைச் சிட்டி தாக்கவியலாது. அப்பொழுது குட்டி எந்திரங்கள் புறாக்களின் மேலேறி வந்து, அவற்றைக் கொன்றுவிடுவோம் என்று மிரட்டுகின்றன. பறவைகள் மாள்வதைக் காணப் பொறாது, பட்சிராஜன் அவ்வுடலைவிட்டு நீங்கித் தோற்கிறார்.

முன்பு இக்காட்சிக்குக் கைதட்டிச் சிரித்தோம். இம்முறை மகள் சிரிக்கவில்லை, நாமும் சிரிக்கவில்லை. புறாவுக்காகத் தன் தசையை அரிந்து கொடுத்த சிபியின் கதை நம் எல்லார் வீட்டிலும் சொல்லப்படுவது. மயிலுக்குப் போர்வை அளித்த பேகனைப் பாடப் புத்தகத்தில் படித்தோம். அடுப்பில் ஏற வேண்டிய அரிசியைக் குருவிகளுக்கு இறைத்த பாரதியை அறிவோம். அம்மரபில் வைத்து நோக்கினால், அக்காட்சியில் சிபியின் பக்கம் நின்றவன் யார்? புறாவைப் பிணையாக்கிய வீரனா, புறாவுக்காகத் தன் வெற்றியை விட்டுக்கொடுத்த பகைவனா? அவன் செய்த கொலைகள் குற்றமே. அவற்றை நாம் மன்னிக்கவில்லை. ஆயினும் "வில்லனை ஏன் கொல்ல வேண்டும்?" என்று அன்று கேட்ட தாய்மார்கள், நம்மைவிட நன்றாகப் படம் பார்த்தவர்கள். அவர்களிடம் இம்மேடையில் தோல்வியை ஒப்புக்கொள்கிறோம்.

ஆகவே நமது திருத்திய தீர்ப்பு இது: "2.0" குற்றவாளியைத் தவறாகக் காட்டிய படம், மருந்தையும் தவறாகச் சொன்ன படம், ஆனால் நோய் உண்டென்று கோடிக்கணக்கான மக்கள்முன் உரக்கச் சொன்ன படம். பிள்ளைகளோடு அமர்ந்து பாருங்கள். பார்த்தபின் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, அவர்களைக் கேள்வி கேட்க விடுங்கள்.

இன்னும் ஒரு செய்தி சொல்லி முடிப்போம். இத்தீவின் சிட்டுக்குருவியும் இம்மண்ணுக்குரியதன்று. ஆங்கிலேயர் காலத்தில் மனிதர் கொண்டுவந்து விட்டது. நம்மைப் போலவே கடல்கடந்து வந்து, பிறர் வீட்டு இறவாரத்தில் இடம் தேடிக்கொண்ட குடி. அதற்கு முன்பே இங்கு வாழ்ந்த மெகாபோடும் இருவாட்சியும் உழவாரமும் மண்ணின் மூத்த குடிகள். பின்னால் வந்தவர்கள் மூத்தோருக்கு இடம்விட்டு வாழ்வதே முறை. சிவகங்கைச் சீமையில் கொள்ளுக்குடிப்பட்டி என்றோர் ஊர் உண்டு. வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகள் அஞ்சுமென்று அவ்வூரார் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. எந்த எந்திரனும் அவர்களை மிரட்டவில்லை.

2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடந்துவருகிறது. கண்ட பறவையின் பெயரையும் எண்ணிக்கையையும் கைபேசியிலேயே பதியலாம். மேற்சொன்ன 2020ஆம் ஆண்டு அறிக்கையும், பதினையாயிரத்துக்கு மேற்பட்ட பறவை ஆர்வலர் இவ்வாறு தந்த ஒரு கோடிக்கு மேற்பட்ட பதிவுகளால் உருவானதே. பட்சிராஜன் வெறுத்துப் பறித்த அந்தக் கருவியே அவர் பிள்ளைகளின் பேரேடாகியிருக்கிறது. வரும் பொங்கலன்று, கரும்பு தின்ற கையோடு, நம் குடியிருப்புப் பிள்ளைகளும் கால்மணி நேரம் வெளியே நின்று எண்ணட்டும். நாமும் உடன் நின்று எழுதித் தருகிறோம். எழுத்தருக்கு அதைவிட ஏற்ற வேலை வேறென்ன!